செம்பாறை முனை

பாலிசேட் ஹெட் உச்சிக்குக் காரிலேயே போய்விடலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டியே ஓடும் நெடுஞ்சாலை 61-இல் சில்வர் பே என்ற சிற்றூரைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு குறுகிய பாதை பிரிகிறது. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். இழுவண்டி கட்டிய கார்களுக்கு அது ஏற்ற பாதை அல்ல. பனிக்காலத்தில் யாருக்குமே அனுமதி இல்லை. மேலே ஒரு சிறிய வாகன நிறுத்தம். அங்கிருந்து சில எட்டு வைத்தால் தரை முடிந்துவிடும். உச்சி ஏரி மட்டத்திலிருந்து சுமார் 300 அடி உயரம். பாறையின் சுவர் இருநூறு அடி வரை நேராகத் தண்ணீருக்கு இறங்குகிறது. விளிம்பின் பெரும்பகுதியில் வேலி கிடையாது.

தென்மேற்கே சில்வர் பேயின் இரும்புத்தாது ஆலை. அதற்கும் அப்பால், வானம் தெளிந்திருந்தால், 1910-இல் எழுப்பப்பட்ட ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம். வடகிழக்கே ஷவல் பாயின்ட் என்ற இன்னொரு முனை. எதிரே தண்ணீர்தான். மிகத் தெளிவான நாளில் மறுகரையின் அப்பாசில் தீவுகள் மெல்லிய கோடாகத் தெரியும்; மற்ற நாள்களில் கடலைப் பார்ப்பதற்கும் இதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இல்லை. சுப்பீரியரின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் பரப்பில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல். மிக ஆழமான இடம் 406 மீட்டர். உலகத்தின் மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஏரியில் இருக்கிறது.

காட்சியைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். குனிந்து காலடிப் பாறையைப் பார்க்கிறவர்கள் குறைவு. இந்த அத்தியாயம் அந்தப் பாறையைப் பற்றியது, குறிப்பாக அதில் ஓடும் வெடிப்புகளைப் பற்றியது. இங்கே அழகு, உயிர், விளையாட்டு, ஆபத்து எல்லாம் அந்த வெடிப்புகளிலிருந்துதான் தொடங்குகின்றன.

*

பாறை சிவந்திருக்கிறது. பெயர் ரயோலைட். வயது சுமார் 110 கோடி ஆண்டுகள்.

அந்தக் காலத்தில் வட அமெரிக்கக் கண்டம் நடுவில் கிழியத் தொடங்கியது. இன்றைய கான்சாஸ் பக்கத்திலிருந்து வடகிழக்காக ஏறி, சுப்பீரியர் ஏரி இருக்கும் இடத்தில் வளைந்து, மறுபடி தெற்கே மிச்சிகனுக்குள் இறங்கும் பிளவு அது. நீளம் இரண்டாயிரம் கிலோமீட்டர் வரும். கிழிசல் முற்றுப்பெற்றிருந்தால் இடையில் ஒரு பெருங்கடல் பிறந்திருக்கும். ஆனால் இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் அது நின்றுபோனது. கண்டத்தின் கிழக்கு விளிம்பில் இன்னொரு நிலத்தட்டு வந்து மோதி, பிரிய முயன்றவற்றை மறுபடி நெருக்கிவிட்டது என்பது பல நிலவியலாளர்களின் கருத்து. எப்படி நின்றிருந்தாலும், அதற்குள் வெளியே வந்து கொட்டிய எரிமலைக் குழம்பு ஏராளம். பிளவின் நடுப்பகுதியில் அது பல கிலோமீட்டர் தடிமனுக்கு அடுக்கடுக்காகக் குவிந்தது. அவ்வளவு எடையும் ஏறியதால் நடுநிலம் அமிழ்ந்தது. ஆகவே வடகரையின் பாறை அடுக்குகள் தென்கிழக்காக ஏரியை நோக்கிச் சரிந்திருக்கின்றன. எதிர்க்கரையான கீவினா தீபகற்பத்தில் அடுக்குகள் வடமேற்காக, இதே ஏரியை நோக்கிச் சரிகின்றன. ஏரி கிடப்பது இந்த இரண்டு சரிவுகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில்.

வெளியே வந்த குழம்பில் பெரும்பங்கு பசால்ட். கறுத்தது, சிலிக்கா குறைந்தது, எளிதில் ஓடக்கூடியது. ரயோலைட் இதற்கு நேர்மாறு. சிலிக்கா எழுபது விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் உருகிய நிலையிலும் மிகக் கெட்டியாக இருக்கும். வழக்கமாக அது வாயிலருகிலேயே முட்டுமுட்டாகக் குவிந்து நின்றுவிடும், அல்லது உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தத்தால் வெடித்துச் சாம்பலாகிப் பறக்கும். வடகரையிலோ ரயோலைட் பரந்த படலங்களாகக் கிடக்கிறது. பாலிசேட் ஹெட்டும் அதற்கு வடகிழக்கே உள்ள ஷவல் பாயின்ட்டும் ஒரே படலத்தின் இரண்டு துண்டுகள். இவ்வளவு கெட்டியான குழம்பு எப்படி இவ்வளவு தூரம் பரவியது? வழக்கத்தைவிட மிக அதிக வெப்பத்தில் வந்ததால் இளகி ஓடியது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். முதலில் கொதிக்கும் சாம்பல் மேகமாக நிலத்தின்மேல் உருண்டு வந்து படிந்து, படிந்த பிறகும் சூடு தணியாமல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகி மறுபடி ஓடியது என்பது இன்னொரு சாராரின் வாதம். இரண்டாவது கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது சான்றாகாது. பாறையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் வரிவரியான ஓட்டத்தின் தடமும், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றின் சிறு படிகங்களும் தெரியும். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகியதால் வந்தது அந்தச் செம்மை.

இதெல்லாம் நடந்தபோது நிலத்தில் புல் பூண்டு எதுவும் இல்லை. உயிர் என்று இருந்தவை நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்களும் எளிய பாசிகளும்தான். குழம்பு எரித்த காடு என்று ஒன்று கிடையாது.

*

இங்கே கொஞ்சம் விலகி ஒரு வணிகக் கதை. 1902-இல் இந்தக் கரையில் உள்ள டூ ஹார்பர்ஸ் ஊரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுரங்கக் கம்பெனி தொடங்கினார்கள். பாலிசேட் ஹெட்டுக்குச் சற்று வடகிழக்கே கிரிஸ்டல் பே என்ற குடாவில் குருந்தம் கிடைத்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்ட கனிமம். தேய்ப்புச் சக்கரத்துக்கும் உப்புத்தாளுக்கும் நல்ல கிராக்கி. வெட்டி எடுத்து விற்கப் போனபோதுதான் தெரிந்தது, அது குருந்தம் அல்ல, அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறை. தேய்ப்பு வேலைக்கு உதவாது. சுரங்கம் படுத்துவிட்டது. கம்பெனி மட்டும் படுக்கவில்லை. உப்புத்தாள் செய்வதற்கு மாறி, பிறகு ஒட்டுநாடாவுக்குப் போய், இன்று 3எம் என்ற பெயரில் உலகெங்கும் இருக்கிறது.

அனார்த்தசைட்டையும் சும்மா விடக் கூடாது. பூமியின் அடியாழத்தில் உருவான இந்தப் பாறையின் பெருந்துண்டுகளைப் பிளவு வழியே ஏறிய குழம்பு தூக்கி வந்து வடகரையில் அங்கங்கே விட்டுப்போயிருக்கிறது. நிலாவில் நமக்கு வெளிறித் தெரியும் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் இதே வகைப் பாறைதான். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி வட்டாரத்திலும் அது இருக்கிறது. சந்திரயான் ஊர்தியை ஓட்டிப் பார்ப்பதற்கான செயற்கை நிலா மண்ணை இஸ்ரோ அங்கிருந்து எடுத்த பாறையைப் பொடித்துத்தான் தயாரித்தது. சித்தம்பூண்டி அனார்த்தசைட்டுக்குள் உண்மையான குருந்தமும் கிடைக்கிறது. மினசோட்டாவின் அந்த ஐவரும் தேடிய ஜோடி தவறானதல்ல, தேடிய இடம்தான் தவறு.

*

வெடிப்புகளுக்கு வருவோம். ஒழுகி நின்ற குழம்பு மேலிருந்தும் கீழிருந்தும் ஆறியது. ஆறும் பாறை சுருங்கும். பக்கவாட்டில் பரந்து கிடப்பது ஒட்டுமொத்தமாக உள்ளே இழுபட முடியாது. எனவே இழுவிசை தாளாமல் அங்கங்கே கீறுகிறது. கோடையில் வற்றிய ஏரியின் வண்டல், ஐந்து ஆறு மூலைகளுள்ள சில்லுகளாகப் பிளந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அங்கே காரணம் ஈரம் போவது, இங்கே சூடு போவது. ஆறும் தளம் உள்நோக்கி நகர நகர, கீறலும் கூடவே இறங்கி, பாறை முழுவதையும் நெடுந்தூண்களாகப் பிரித்துவிட்டது. பாலிசேட் ஹெட்டின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் நெடுங்கோடுகள் இந்தத் தூண்களின் பொருத்துகள்.

ரயோலைட் கடினமான பாறை. அலை அதை அரைத்துத் தேய்ப்பதற்குள் யுகங்கள் போகும். சுற்றியிருந்த பசால்ட் அவ்வளவு தாங்கவில்லை. பனியாறும் அலையும் அதைத் தின்று உள்வாங்கிவிட, ரயோலைட் மட்டும் ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதோடு, முனையின் அடிவாரத்தில் சில இடங்களில் ரயோலைட்டுக்குக் கீழே பசால்ட் தலைகாட்டுகிறது. அலை அந்த இடத்தைக் குடைகிறது. அடியில் பிடிமானம் போனதும், மேலே ஏற்கெனவே பொருத்து விட்டு நின்றுகொண்டிருந்த தூண் முழுசாக விழுகிறது. விழுந்த இடத்தில் அடுத்த தூணின் நேர் முகம் வெளிப்படுகிறது. ஒரு பாறை மேலிருந்து மழையால் தேய்ந்தால் மொட்டையாகி உருண்டு சரிவாகும். இதுவோ அடியிலிருந்து அறுபட்டு அறுபட்டு விழுகிறது, அதனாலேயே செங்குத்தாக இருக்கிறது. பின்வாங்காத செங்குத்துப் பாறை நாளடைவில் செங்குத்தாக இருக்காது.

அலைக்கு உதவியாள் பனிக்கட்டி. நீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு பருக்கிறது. இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் பகலில் உருகி இரவில் உறையும் நாள்கள் வரிசையாக வரும். அப்போது வெடிப்புக்குள் இறங்கிய நீர் ஒவ்வொரு இரவும் ஆப்பு அடிக்கிறது.

இதை மனிதர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். ஷவல் பாயின்ட் அருகே ஏரிக்குள் ஒரு பாறை வளைவு இருந்தது. அந்த வட்டாரத்தின் அஞ்சலட்டைகளில் எல்லாம் இடம்பிடித்த வளைவு. 2010 ஆகஸ்டில் அதன் மேற்பாலம் நீரில் விழுந்தது. ஏரிக்குள் தனித் தூண் மட்டும் மிஞ்சியது. 2019-இல் ஏரி மட்டம் உயர்ந்து புயல்கள் அறைந்த பருவத்தில் அந்தத் தூணும் போய்விட்டது. நிலவியலில் 'அண்மையில்' என்றால் பத்தாயிரம் ஆண்டு என்று பொருள் கொண்டு பழகியவர்களுக்கு, ஒன்பது ஆண்டுக்குள் இரண்டு அங்கமும் முடிந்தது கொஞ்சம் அவசரமாகத்தான் பட்டிருக்கும்.

*

இரண்டு சரிவுகளுக்கும் இடைப்பட்ட அந்தப் பள்ளத்தை இன்றைய ஏரியாக்கியது பனியுகம். கிலோமீட்டர் கணக்கான தடிமனுள்ள பனிப்பாறை பள்ளத்தில் இருந்த இளகிய படிவுப் பாறைகளைத் தோண்டி வெளியேற்றியது. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது வடக்கே விலகியபோது உருகிய நீர் இன்றைய மட்டத்துக்கு வெகு மேலே தேங்கியது. மலைச்சரிவுகளில் அன்றைய கரைகளின் சரளைத் திட்டுகள் இன்றும் இருக்கின்றன. எடை இறங்கிய நிலம் இன்னும் மேலெழுந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பகுதி வேகமாக எழுவதால் ஏரி மெல்ல மெல்ல டுலூத் நகரின் பக்கம் சாய்கிறது.

பனியோடு வந்து, பனியோடு போகாமல் தங்கிவிட்ட செடிகளும் உண்டு. ஏரியின் ஆழ்நீர் ஆண்டு முழுவதும் 4 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால் கரையோரப் பாறைகளில் கோடையும் குளிர்ந்துதான் வருகிறது. வடதுருவப் பக்கத்துத் தாவரங்கள் சில, தங்கள் உறவினர்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே விட்டுவிட்டு, வடகரையின் அலை தெறிக்கும் வெடிப்புகளில் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பட்டர்வார்ட். உள்ளங்கையில் அடங்கும் செடி. மஞ்சள்கலந்த பச்சை இலைகள் பாறையோடு ஒட்டிப் பரந்திருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். இலையின் மேல் நுண்ணிய சுரப்பிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு சிறு ஈ வந்து உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். உதற உதற இன்னும் ஒட்டும். பிறகு செரிப்பு நொதிகள் சுரந்து, இலை விளிம்பு லேசாக உள்ளே மடங்கும். சில நாள் கழித்துப் பார்த்தால் ஈயின் கூடு மட்டும் இருக்கும். வெடிப்பில் மண் ஒரு சிட்டிகைதான், அதில் நைட்ரஜன் மிகக் குறைவு. ஆகவே பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

நைட்ரஜனைத் தேடுவதில் இன்னொரு ஆள் ஆரஞ்சு நிறப் பாறைப்பாசம். சுவரில் சில இடங்களில் மட்டும் அது அடர்ந்து படர்ந்திருக்கும். பறவைகள் நெடுங்காலமாக உட்கார்ந்து எச்சமிட்ட விளிம்புகள் அவை. தொலைநோக்கியோடு வருகிறவர்கள் முதலில் ஆரஞ்சுத் திட்டைத் தேடிவிட்டுப் பிறகு பறவையைத் தேடுவது நல்ல முறை.

*

அந்தப் பறவை பொரி வல்லூறு. இரையின்மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது. தென்னிந்தியாவின் மலைப்பாறைகளில் கூடு வைக்கும் ஷாஹீன் இதன் உள்ளினம்தான். கூடு என்று சொல்கிறோமே தவிர, குச்சி எதையும் அது அடுக்குவதில்லை. செங்குத்துச் சுவரில் ஒரு தூண் உடைந்து விழுந்தால் மிஞ்சும் திண்டில், சரளையை மார்பால் அழுத்திக் காலால் கீறி ஒரு சிறு பள்ளம் செய்து, அதில் மூன்று நான்கு முட்டை. முப்பத்து மூன்று நாள் அடை, பிறகு ஆறு வாரத்தில் குஞ்சு பறக்கும். திண்டுக்கு மேலே வர நரிக்கு வழியில்லை, கீழே தண்ணீர்.

1960-களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு வைக்கும் பொரி வல்லூறு ஒன்றுகூட இல்லை. காரணம் டிடிடி. வயலில் தெளித்த மருந்து பூச்சிக்குப் போய், பூச்சியைத் தின்ற சிறு பறவைக்குப் போய், அதைத் தின்ற வல்லூறின் கொழுப்பில் சேர்ந்தது. அது உடலில் சிதைந்து உண்டாகும் டிடிஇ என்ற பொருள் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேர்வதைத் தடுத்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே ஓடு நொறுங்கியது. இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப், சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் இருந்த பழைய முட்டை ஓடுகளை எடைபோட்டு, 1940-களின் பிற்பகுதியில் ஓடு திடீரென்று மெலிந்ததை 1967-இல் காட்டினார். 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது.

தடை போட்டால் மட்டும் பறவை திரும்பாது. திரும்பிவரப் பக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹாரிசன் டார்டாஃப், பேட்ரிக் ரெடிக் இருவரும் 1982 முதல் கூண்டில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். பெட்டியில் வைத்து, மனித முகம் தெரியாமல் இரை போட்டு, பறக்கும் பருவத்தில் கதவைத் திறந்துவிடுவது முறை. மிசிசிப்பி ஆற்றோரம் விட்ட குஞ்சுகளைக் கொம்பன் ஆந்தைகள் இரவில் வந்து தூக்கிப்போயின. அதனால் நகரத்து உயர்ந்த கட்டடங்களும் சுப்பீரியர் கரையின் பாறைகளும் விடுமிடங்களாயின. 1999-இல் பொரி வல்லூறு அமெரிக்காவின் அழிநிலை உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பாலிசேட் ஹெட் இன்று அதற்கு நிலையான வீடுகளில் ஒன்று. விளிம்பில் நின்று பார்க்கிறவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு: வேட்டைப் பறவையை அண்ணாந்து பார்க்காமல் குனிந்து பார்க்கலாம், அதன் நீலச்சாம்பல் முதுகும் விரிந்த இறக்கையும் கீழே தண்ணீருக்கு மேல் போவதை.

இரைக்கும் பஞ்சமில்லை. இலையுதிர் காலத்தில் கனடாவிலிருந்து தெற்கே வரும் பறவைகள் ஏரியைக் கடக்கத் தயங்குகின்றன. குளிர்ந்த நீரின்மேல் சூட்டுக்காற்று மேலெழாது. இறக்கையை அடிக்காமல் மிதந்தே வரும் பருந்துகளுக்கு அது முட்டுச்சுவர் மாதிரி. எல்லாம் வடகரையோரமாகவே தென்மேற்கே திரும்பி டுலூத் வரை ஒழுகுகின்றன. அங்கே ஹாக் ரிட்ஜ் என்ற மேட்டில் அவற்றை எண்ணுகிறார்கள். 2003 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் எண்ணினார்கள்.

*

வல்லூறின் திண்டை நோக்கிக் கயிற்றில் இறங்குகிறவர்களும் உண்டு. குஞ்சுகளுக்குக் கால்வளையம் போடும் ஆய்வாளர்கள் ஒரு வகை. பாறை ஏறிகள் இன்னொரு வகை. மினசோட்டாவில் தட்டையான நிலமே அதிகம், ஏறத் தகுந்த உயரமான பாறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பாலிசேட் ஹெட்டுக்குத் தனி மரியாதை. இங்கே வழக்கம் தலைகீழ். முதலில் மேலிருந்து அலை அறையும் அடிவாரத்துக்கு இறங்க வேண்டும், பிறகு ஏறி வர வேண்டும். பாதியில் முடியாது என்று தோன்றினால் போய் நிற்க வேறு இடமில்லை.

ஏறுவது தூண்களின் பொருத்து வழியே. கையை வெடிப்புக்குள் விட்டுக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்தால், கை பருத்து இரண்டு பக்கமும் இறுகிக்கொள்ளும். பாதத்தையும் பக்கவாட்டில் நுழைத்துத் திருகினால் இறுகும். ரயோலைட்டின் சொரசொரப்பில் புறங்கைத் தோல் உரியாமல் மேலே வருவது கஷ்டம் என்பதால் கையில் நாடா சுற்றிக்கொள்கிறார்கள். விழுந்தால் தாங்குவதற்கு, சுருள்வில் வைத்த 'கேம்' என்ற கருவியை வெடிப்பில் பொருத்துவார்கள். 1970-களில் ரே ஜார்டைன் என்ற அமெரிக்கர் இதை உருவாக்கி, 1978-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் பற்களின் வளைவு மடக்கைச் சுருள் என்ற கணித வடிவம். வெடிப்பு அகலமோ குறுகலோ, பல் பாறையைத் தொடும் கோணம் மாறாது. சுமார் 14 டிகிரி. கோணத்தின் கணக்குப்படி, விழுகிறவர் கீழே இழுக்கும் விசையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு ஒவ்வொரு சுவரும் வெளியே தள்ளப்படுகிறது. உராய்வு அதை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. பாறை திடமாக இருந்தால் சரி. பின்னால் பொருத்து விட்டு நிற்கும் சில்லாக இருந்தால், காப்பாற்ற வேண்டிய கருவியே அதைப் பெயர்த்துவிடும். அதனால் தேர்ந்தவர்கள் கேமை வைக்கும் முன் பாறையை விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்கிறார்கள். வெற்றொலி வந்தால் அங்கே வைப்பதில்லை.

முனை டெட்டகூஷ் மாநிலப் பூங்காவைச் சேர்ந்தது. ஏற அனுமதிச்சீட்டு வேண்டும், காசு கிடையாது. வசந்தத்தில் வல்லூறு எந்தத் திண்டைப் பிடிக்கிறதோ அதையொட்டிய ஏறுவழிகள் குஞ்சு பறக்கும் வரை மூடப்படும். இதில் முணுமுணுப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முட்டையைக் காக்கும் வல்லூறு கயிற்றில் தொங்கும் ஆளின் தலையைக் குறிவைத்துப் பாயும் என்பதால் தடை இரு தரப்புக்கும் நல்லது.

வெடிப்புகளை முழுசாகப் பார்க்கிறவர்கள் கயாக் துடுப்பாளர்கள். கீழே வந்தால்தான் சிவந்த ரயோலைட் கறுத்த பசால்ட்டின்மேல் உட்கார்ந்திருப்பதும், அலை குடைந்த குகைகளும் தெரியும். என்னைக் கேட்டால் பாலிசேட் ஹெட்டைப் பார்க்கச் சரியான இடம் அதுதான், உச்சி அல்ல. ஆனால் அதற்கு ஏரி ஒத்துக்கொள்ள வேண்டும். சாய்வான கரையில் அலை உடைந்து அடங்கும். செங்குத்துச் சுவரும் ஆழமான நீரும் சேர்ந்த இடத்தில் அது உடையாது, அப்படியே திரும்பும். திரும்பும் அலை வரும் அலையைச் சந்திக்கும் இடத்தில் உயரம் இரட்டிக்கும். நீர் முன்னும் பின்னும் போகாமல் மேலும் கீழும் குதிக்கும். திறந்த நீரில் இரண்டடி அலையைச் சமாளிக்கிறவர் இங்கே நான்கடியை, அதுவும் எந்தப் பக்கம் என்று தெரியாமல், சந்திக்க நேரும். வடகிழக்குக் காற்றுக்கு ஏரியின் நீளம் முழுவதும் ஓடுதளம் என்பதால் அந்தத் திசைக் காற்று மோசமானது. கவிழ்ந்தவரின் விரல்கள் கோடையிலும் சில நிமிடங்களில் மரத்துப்போகும், ஏறிக் கரைசேரச் சுவரில் இடம் கிடையாது. உள்ளூர்த் துடுப்பாளர்கள் விடியற்காலையில் கிளம்புகிறார்கள், குளிர்நீர் உடையைக் கழற்றுவதில்லை, வடகிழக்குக் காற்று என்று முன்னறிவிப்பில் வந்தால் படகைக் காரிலிருந்து இறக்குவதே இல்லை.